தொட்டிக்குள்ளே வேர் மூச்சு விடுகிறது, தெரியுமா?

செடி மூச்சு விடுகிறது என்றதும் எல்லாரும் இலையைத்தான் பார்ப்போம். வேரும் மூச்சு விடுகிறது, தெரியுமா? ராத்திரி பகல் பார்க்காமல், ஒரு நிமிஷம் ஓயாமல், மண்ணுக்கு அடியில் இருந்தபடி ஆக்சிஜனை இழுத்துக்கொண்டே இருக்கிறது! வெளிச்சம் பட்டால் இலை தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தயாரித்துக்கொள்ளும். வேருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மண் துகள்களுக்கு நடுவே உள்ள சந்துகளில் இருக்கும் காற்றுதான் அதற்கு உயிர். அந்தச் சந்துகளில் தண்ணீர் தேங்கிவிட்டால் ஆக்சிஜன் வந்து சேர முடியாது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. பத்தாயிரம் மடங்கு! கூடத்து மூலையில் துவண்டு நிற்கும் செடிகளில் பல தாகத்தில் துவளவில்லை, மூச்சு முட்டித் துவளுகின்றன. இலை தொங்குவதைப் பார்த்ததும் பதறிப்போய் நாம் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறோம்.

இதைக் கண்ணால் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் பிச்சாவரம். கிட்டத்தட்ட 1,100 ஹெக்டேரில் பரந்து கிடக்கும் அலையாத்திக் காடு. படகு சவாரிக்குப் போகிறவர்கள் மரத்தைப் பார்ப்பார்கள், பறவையைப் பார்ப்பார்கள். அடுத்த முறை போனால் சேற்றைப் பாருங்கள்! வெண்கண்டல் மரத்தைச் சுற்றி பென்சில் பென்சிலாக நூற்றுக்கணக்கில் எதுவோ சேற்றைக் கிழித்துக்கொண்டு மேல்நோக்கி நிற்கும். அத்தனையும் வேர்! பூமியை நோக்கிப் போக வேண்டிய வேர், காற்றைத் தேடி வானத்தை நோக்கி வளர்ந்திருக்கிறது. அதன் தோலில் உள்ள நுண்துளைகள் வழியாகக் காற்று உள்ளே போய், சேற்றுக்குள் புதைந்திருக்கும் மற்ற வேர்களுக்கு இறங்குகிறது. பக்கத்திலேயே சுரபுன்னை, கிளையிலிருந்தும் அடிமரத்திலிருந்தும் தாங்குவேர்களை ஊன்றி, தரைக்கு மேலேயே மூச்சு வாங்கிக்கொள்கிறது. நடராஜர் கோயிலின் தல மரமான தில்லையும் இந்தக் காட்டில்தான் வளர்கிறது. அதற்குப் பென்சில் வேர் கிடையாது. மண்ணின் மேற்பரப்பிலேயே பின்னிப் படர்ந்து சமாளிக்கிறது. தில்லையின் பால் கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போய்விடும் என்பதால் படகுக்காரர்கள் அதன் கிளையை ஒடிக்க விடமாட்டார்கள்.

இப்படி எழுந்து வந்து மூச்சு வாங்கும் வேர் நம் கூடத்து அக்லோனிமாவுக்கு உண்டா? பீஸ் லில்லிக்கு உண்டா? கிடையாது. அவற்றுக்குக் காற்று வேண்டுமென்றால் நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் தொட்டி மாற்றுவது!

‘மண்ணில் சத்து தீர்ந்துபோச்சு, அதனால் தொட்டியை மாத்தணும்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். செடி மண்ணை எவ்வளவு சாப்பிடுகிறது தெரியுமா? பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் ஹெல்மாண்ட் என்ற மருத்துவர் 200 பவுண்டு காய்ந்த மண்ணை ஒரு தொட்டியில் நிரப்பி, அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டார். ஐந்து வருஷம் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரத்தின் எடை 169 பவுண்டைத் தாண்டியது. மண்ணில் குறைந்தது எவ்வளவு? இரண்டே அவுன்ஸ்! நம் கணக்கில் 60 கிராம் கூட இல்லை. அவர் காலமான பிறகு, 1648-ல் இந்தச் சோதனை அச்சில் வந்தது. மரத்தின் எடையெல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். தண்ணீரோடு காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்துதான் மரமாகிறது என்பது பின்னால்தான் தெரிந்தது.

அப்படியானால் நம் தொட்டியில் மட்டும் மண் வருஷா வருஷம் இரண்டு விரல் இறங்குகிறதே? நாம் போட்ட தொழுஉரமும் தென்னைநார்த் தூளும் மக்கி நைந்துபோகின்றன. துகள் சிறுக்கச் சிறுக்க, நடுவிலிருந்த காற்றுச் சந்து அடைபடுகிறது. மிச்சமிருக்கும் இடத்தை வேர் நிரப்பிக்கொள்கிறது. இரண்டு வருஷத்தில் உள்ளே காற்றுக்கு இடமே இல்லை! சத்தை உரமாகக் கொடுத்துவிடலாம். காற்றை அப்படிக் கரைத்து ஊற்ற முடியாது.

ஒரு செடிக்கு எவ்வளவு வேர் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 1937-ல் ஹோவர்ட் டிட்மர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், மரப்பெட்டியில் நான்கே மாதம் வளர்ந்த ஒற்றைக் கம்புப்புல் செடியை (நம் ஊர்க் கம்பு இல்லை, ஐரோப்பிய ‘ரை’ தானியம்) மண்ணைக் கழுவி எடுத்து, வேர்களை அளந்து கணக்கிட்டார். மொத்த நீளம் சுமார் 620 கிலோமீட்டர்! கடலூரிலிருந்து சென்னைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் சென்னைக்குப் போனாலும் வேர் மிச்சம் இருக்கும். அதில் இருந்த வேர்த்தூவிகள் சுமார் 1,400 கோடி. நிஜமாக நீரை உறிஞ்சுவதில் பெரும்பங்கு இந்தத் தூவிகளுடையது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியவை. தொட்டி மாற்றும்போது மண்ணை உதறினால் முதலில் அறுபடுவதும் இவைதான். அதனால்தான் ஈர மண்ணில் நட்ட செடியும் மறுநாள் வாடி நிற்கிறது. புதுத் தூவி முளைக்க அதற்கு நாள் வேண்டும். அதுவரை நிழலில் விட்டுவிட வேண்டும்.

அந்த வேரெல்லாம் தொட்டிக்குள் எங்கே இருக்கிறது தெரியுமா? ஜெர்மனியில் யூலிஷ் ஆராய்ச்சி மையத்தில் தொட்டிச் செடிகளை, மனிதர்களுக்கு எடுப்பது போலவே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். நான்கில் மூன்று பங்குக்கு மேல் வேர் தொட்டியின் வெளிப்பாதியில், சுவரை ஒட்டி இருந்தது! நடுவில் மண் சும்மா கிடக்க, வேர் நேரே சுவரைப் போய் முட்டி, வெளியேற வழி தேடுகிறது. அதே குழுவினர் 65 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2012-ல் இன்னொன்றும் சொன்னார்கள்: தொட்டியின் கொள்ளளவை இரட்டிப்பாக்கினால் செடி சராசரியாக 43 சதவீதம் கூடுதலாக வளர்கிறது.

சுவரை முட்டிய வேர் பிறகு என்ன செய்யும்? சுற்றும். ரொம்ப நாள் மாற்றாத பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பைத் திண்ணை ஓரத்தில் இரண்டு தட்டு தட்டி, செடியின் கழுத்தை விரலிடுக்கில் பிடித்து இறக்கிப் பாருங்கள். முதலில் வராது. தொட்டியின் வயிற்றை நாலு பக்கமும் அமுக்கிவிட்டால் ‘சொளக்’கென்று மொத்தமாக இறங்கும். அடியில் வேர் சும்மாடு போலச் சுருண்டு சுருண்டு, வெள்ளையும் பழுப்புமாக இறுகிக் கிடக்கும். விரல் நுழையாது. மண் இருந்த இடமே தெரியாது. வெள்ளையாக, அமுக்கினால் விறைப்பாக இருப்பது நல்ல வேர். பழுப்பேறி, இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வந்து நாறினால் அழுகல். அதைத் தயங்காமல் வெட்டி எறியுங்கள். சுருண்ட வேரைப் பிரித்துவிடாமல் அப்படியே பெரிய தொட்டியில் இறக்கினால், புது மண் சுற்றிலும் இருந்தும் பழைய வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். நாலு பக்கமும் கத்தியால் மேலிருந்து கீழாக ஒரு கீறல், அடியில் ஒரு அரை அங்குல வெட்டு. வெட்டிய இடத்திலிருந்து புது வேர் நேராகக் கிளம்பும்.

வேரை வெட்டினால் செத்துப்போகாதா? வாஷிங்டன் தேசிய மரத் தோட்டத்தில் ஒரு போன்சாய் பைன் மரம் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்கிறது! ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தாரிடம் இருந்தது. 1945-ல் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில், தோட்டத்துச் சுவரின் மறைவில் நின்று தப்பித்தது. 1976-ல் அமெரிக்காவுக்கே அதைப் பரிசாகக் கொடுத்தார்கள். அது குண்டுவீச்சைத் தாண்டி வந்த மரம் என்பது 2001-ல் பேரன்மார் வந்து சொன்ன பிறகுதான் அங்கே தெரியவந்தது. நானூறு வயது மரம் ஒரு தட்டையான தொட்டிக்குள் பிழைத்திருப்பதற்குக் காரணம், சில வருஷத்துக்கு ஒருமுறை வேரைக் கத்தரித்துப் புது மண் வைக்கும் அந்த வேலைதான்.

ஆனால் வேர் நெருக்கத்தைப் பார்த்துப் பாவப்பட்டு ஒரேயடியாகப் பெரிய தொட்டிக்கு மாற்றிவிடாதீர்கள்! நர்சரியில் கேட்டாலே சொல்வார்கள்.

“அண்ணே, இந்த ஆறு இஞ்சுல இருக்கிறதை அந்தப் பெரிய தொட்டியில வெச்சிடலாமா?”

“வேணாங்கா. எட்டு இஞ்சு போதும். பெருசுல வெச்சா வேர் அழுகிடும்.”

அனுபவத்தில் வந்த பேச்சு அது. முற்றிலும் சரி. வேர் எட்டாத மண்ணில் ஊற்றிய தண்ணீரைக் குடிக்க ஆள் இல்லை. அது வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ஈரம் கிடந்தால் காற்று இல்லை. இரண்டு அங்குலம் கூடுதல், அதுதான் கணக்கு.

இனி வருவதுதான் என்னை மிகவும் அசத்திய விஷயம். தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்றுதானே எல்லாரும் போடுகிறோம்? வடியாது! பாத்திரம் கழுவும் ஸ்பான்ஜை நன்றாக நனைத்துப் படுக்கைவாட்டில் உள்ளங்கையில் பிடியுங்கள். சொட்டி முடித்து நின்றுவிடும். அதை அப்படியே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடி சொட்டும்! பிழியவில்லை, அழுத்தவில்லை, உயரம்தான் கூடியது. மண்ணும் இப்படித்தான். எந்தத் தொட்டியிலும் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு ஈரம் வடியாமல் நின்றே தீரும். ஜல்லியை நிரப்பினால் அந்த ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், வேருக்கு இன்னும் கிட்டத்தில். பொடி மண்ணிலிருந்து பெரிய சந்துள்ள ஜல்லிக்குள் தண்ணீர் அவ்வளவு சுலபத்தில் இறங்காது. மேல்மண் முழுக்க ஊறி நிரம்பினால்தான் இறங்கும். நம் பாட்டிமார் துளையின் மேல் ஒரே ஒரு ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைப்பார்களே, அது போதும். மண் ஒழுகாமல் இருக்க அது. துளையே இல்லாத பீங்கான் தொட்டியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஆசைப்பட்டு வாங்கிவிட்டால், துளையுள்ள தொட்டியில் செடியை வைத்து அதற்குள் இறக்கிக்கொள்ளுங்கள்.

சரி, எந்த மண்? கடலூர்க்காரர்கள் காலடியில் இருப்பது எவ்வளவு பழசு தெரியுமா? கேப்பர் மலையின் செம்மேடு, புவியியலாளர்கள் உலகமெங்கும் ‘கடலூர் மணற்கல்’ என்று அழைக்கும் பாறை அடுக்கைச் சேர்ந்தது. திருவக்கரையில் முழு மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றனவே, சுமார் 2 கோடி வருஷத்து மரங்கள், அவையும் இதே அடுக்கில்தான் புதைந்திருந்தன! நெய்வேலி நிலக்கரியும் ஒரு காலத்துக் காடுதான். அந்தப் பழுப்பு நிலக்கரியிலிருந்து பிரித்தெடுக்கும் ஹ்யூமிக் அமிலம் இன்று வேர் வளர்ச்சிக்கென்று பாட்டிலில் விற்கப்படுகிறது. மனிதன் பிறக்கும் முன்பே மண்ணுக்குள் போன காட்டின் சாறு, ஜன்னலோரத் தொட்டியில்!

செம்மண் மட்டும் போட்டால் நாலு தடவை தண்ணீர் ஊற்றியதும் இறுகிவிடும். அதனால்தான் கலக்க வேண்டியிருக்கிறது. தென்னைநார்த் தூள் கட்டியாக வரும். 5 கிலோ கட்டியைத் தண்ணீரில் போட்டால் பொங்கிப் பொங்கிச் சுமார் 70 லிட்டர் ஆகிவிடும். ஒரு காலத்தில் கயிற்றுத் தொழிற்கூடங்களுக்குப் பக்கத்தில் குப்பையாகக் குவிந்து கிடந்த பொருள், இன்று கப்பலேறி உலகத்து நர்சரிகளுக்குப் போகிறது. ஆனால் அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். இதைவிட எனக்குப் பிடித்தது சிதம்பரம் பக்கத்து நெல்வயல் தரும் உமிக்கரி. ஆமாம், தாத்தா பல் தேய்த்த அதே உமிக்கரி! முழுக்க வெந்து சாம்பலாகாமல் கருக்கி எடுத்த உமி. லேசானது, துளைதுளையானது, சீக்கிரம் மக்காது. அதனால் காற்றுச் சந்தை வருஷக்கணக்கில் திறந்தே வைத்திருக்கும். செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, அலசிய நார்த்தூள் ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, கையளவு வேப்பம்புண்ணாக்கு. கைப்பிடியில் பிடித்து விட்டால் உருண்டையாக நிற்கக் கூடாது, உதிர வேண்டும்.

கடலூர் முதுநகரில் உப்பனாற்றை ஒட்டிய தெருக்களில் மண்தொட்டியின் வெளிப்புறம் வெள்ளை பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூஞ்சை என்று பயந்து தேய்ப்பார்கள். அது உப்பு! தண்ணீரில் கரைந்திருந்த உப்பு, சுட்ட மண்ணின் நுண்துளை வழியாக ஈரத்தோடு வெளியே வந்து, ஈரம் ஆவியானதும் படிந்துவிடுகிறது. தொட்டி தன் சுவராலேயே மூச்சு விடுகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா! விருத்தாசலத்துப் பீங்கானானாலும் சரி, பிளாஸ்டிக்கானாலும் சரி, மெருகு ஏற்றிய சுவரில் இது நடக்காது. அதில் உப்பு உள்ளேயே தங்கி, இலை நுனி கருகும். கரிக்கும் தண்ணீர் உள்ள வீட்டில் மாதம் ஒருமுறை மழைத்தண்ணீரோ நல்ல தண்ணீரோ விட்டு, அடியில் ஓடும் வரை மண்ணைக் கழுவிவிடுவது நல்லது.

செடிகளைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? மணி பிளான்ட் பூத்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க முடியாது! அதன் சொந்த ஊர் தாஹித்திக்குப் பக்கத்தில் உள்ள மோரேயா தீவு. பூக்கத் தூண்டும் ஜிப்பரெலின் என்ற ஹார்மோனைத் தயாரிக்கும் மரபணு அதில் சரியாக வேலை செய்வதில்லை என்று 2016-ல் கண்டுபிடித்தார்கள். தானாகப் பூத்ததாகப் பதிவானது கடைசியாக 1964-ல். பூ இல்லை, விதை இல்லை. ஆனாலும் தெருவுக்குப் பத்து வீட்டில் இருக்கிறது! எல்லாம் கணுவோடு வெட்டி, கை மாறி, பாட்டில் மாறி, தொட்டி மாறி வந்த துண்டுகள். நம் ஜன்னலில் உள்ளங்கை அளவு இலை விடும் இதே கொடி, மரத்தில் ஏறவிட்டால் ஒரு மீட்டர் நீளம் வரை இலை விடும்.

ஸ்நேக் பிளான்ட் என்று காசு கொடுத்து வாங்குகிறோமே, அதன் ஒன்றுவிட்ட தம்பி நம் சோழமண்டலக் கரையிலேயே முளைக்கும் மருள். அதன் நாரில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கடைச் செடியோ, தொட்டிக்குள் தடித்த கிழங்கை ஓடவிட்டு, இடம் போதாதபோது தொட்டியையே பிளந்துவிடும்! பிளாஸ்டிக் தொட்டி ஒரு பக்கம் உப்பினால் உடனே பிரித்து நடுங்கள். இது இரவில் ஆக்சிஜன் தரும் என்று சொல்லி விற்கிறார்கள். இரவில் இலைத்துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துச் சேமிக்கிறது, அது உண்மை, அதுவே பெரிய அதிசயம். ஆக்சிஜன் வெளிவருவது பகல் வெளிச்சத்தில்தான். 1989-ல் நாசா செய்த ஆய்வை வைத்து, செடி வைத்தால் அறைக் காற்று சுத்தமாகும் என்ற பேச்சு பரவியது. அது மூடிய சின்னக் கூண்டில் செய்த சோதனை. ஜன்னலைத் திறப்பதற்குச் சமமான பலன் வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடி முதல் ஆயிரம் செடி வரை வேண்டும் என்று 2019-ல் வந்த அலசல் கணக்குச் சொன்னது. செடியைச் செடிக்காகவே வளர்ப்போம்!

ரப்பர் பிளான்ட் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். கூடத்தில் பளபளவென்று நிற்கும் அந்த மரத்தின் வேரைப் பின்னித்தான் மேகாலயாவின் உயிர்ப் பாலங்கள் உருவாகின்றன! நோங்ரியாட்டில் இரண்டு அடுக்குப் பாலமே இருக்கிறது. ஆற்றைத் தாண்டும் வேரை எட்டு அங்குலத் தொட்டியில் அடைத்து வைத்திருக்கிறோம். வருஷம் ஒருமுறை பிரித்துப் பார்ப்பது அதற்குச் செய்யும் நியாயம்.

செடியை வேர்மண்ணோடு பெயர்த்து வைக்கும் வேலை எத்தனை பழசு என்கிறீர்கள்? சுமார் 3,500 வருஷத்துக்கு முன் எகிப்து ராணி ஹட்ஷெப்சுட், புன்ட் நாட்டிலிருந்து வாசனைப் பிசின் மரங்களைக் கூடையில் வேரோடு தூக்கிவர வைத்தார். அவர் கோயில் சுவரில் அந்தச் சிற்பம் இன்றும் இருக்கிறது. 1876-ல் பிரேசில் ரப்பர் கன்றுகள் கண்ணாடிப் பெட்டிக்குள் லண்டனிலிருந்து இலங்கையின் ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்து இறங்கின. எல்லாவற்றையும் மிஞ்சுவது லண்டன் கியூ தோட்டத்துச் சைக்காட். பிரான்சிஸ் மேசன் என்பவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து 1775-ல் கொண்டுவந்தது. அன்றிலிருந்து இன்றுவரை தொட்டியில்தான் இருக்கிறது. போன்சாய்களை விட்டுவிட்டால், உலகத்திலேயே வயதான தொட்டிச் செடி என்று இதைத்தான் சொல்கிறார்கள்! எடை ஒரு டன்னுக்கு மேல். சாய்ந்து வளர்ந்ததால் ஊன்றுகோல் கொடுத்திருக்கிறார்கள். கியூவில் அது கூம்பு விட்டது ஒரே ஒரு முறை, 1819-ல். அதைப் பார்க்க, தள்ளாத வயதில் தாவரவியலாளர் சர் ஜோசப் பேங்க்ஸ் வந்தார். 2009-ல் அந்தக் கிழச்செடிக்கும் தொட்டி மாற்றினார்கள். அதற்கே செய்கிறார்கள் என்றால் நம் பீஸ் லில்லிக்கு நாம் செய்ய மாட்டோமா!

நம் கரையோரத்துக்குத் தோதான காலம், கத்திரி வெயில் தணிந்த பிறகு ஆனிக் கடைசி முதல் ஆவணி வரை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டி காயவே காயாது, அப்போது வேண்டாம். முதல் நாளே தண்ணீர் விட்டு, மறுநாள் சாயந்திரம் மாற்றுங்கள். பழைய மண்மட்டம் எதுவோ அதே மட்டத்தில் நடுங்கள். தண்டை ஆழப் புதைத்தால் கழுத்து அழுகும். மண்ணைக் குத்தி இறுக்காதீர்கள், தொட்டியைத் தட்டினாலே உட்காரும். அடியில் ஓடும் வரை ஒரு தண்ணீர். பிறகு பத்து நாள் நிழல், ஒரு மாதம் உரம் கிடையாது. அதன் பின் விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தண்ணீர் நின்றால் அரைமணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். வேர் அழுகுவது ஒரு பக்கம் இருக்கட்டும், டெங்கு பரப்பும் கொசுவுக்கு அந்தத் தட்டே போதும்.